மூலைக்கு மட்டும் ஜோடி வளையம்

வாங்க, வாங்க, உள்ளார வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாமுங்க, கடைதானே. அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, ஒரு காலு ஆடும். இந்தத் தார்ப்பாய்க் கட்டு மேல உக்காருங்க, மெத்தையாட்ட இருக்கும். என்ன வேணுமுங்க? லாரிக்குங்களா, நெல்லுக் களத்துக்குங்களா?

ஓ. அதுங்களா.

பூங்கோதையப் பத்தி விசாரிக்கோணும்னு வந்தீங்களா. ஆரு என்ற கடையக் கையக் காட்டி உட்டது? முக்குல பேக்கரிக்காரனா? அவனுக்கு வேற வேலை இல்லீங்க. சரி, வந்ததும் வந்துட்டீங்க. எந்த ஊருங்க? பவானிங்களா! நல்ல ஊருங்க. மாப்பிள்ளைக்குத் தாய்மாமனுங்களா. அதான் பாத்தேன், மொகத்துலயே ஒரு பொறுப்புத் தெரியுது. பொண்ணு வேலை செஞ்ச எடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு தோணுச்சு பாருங்க, அது எல்லாருக்கும் தோணாதுங்க.

ராசம்மா, அந்த மெஷினச் சித்த நிறுத்து. காதே கேக்கல. போய் ரெண்டு டீ சொல்லிட்டு வா. ஒண்ணு சர்க்கரை கம்மி.

நான் பொதுவா ஒரு பொம்பளப் புள்ளையப் பத்தி நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசறவன் இல்லீங்க. எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைக. ரெண்டையும் கட்டிக் குடுத்துட்டேன், மகராசியா இருக்குதுக. அதனால நான் உள்ளதை மட்டும் சொல்றேன், கேட்டுட்டு முடிவ நீங்க பண்ணிக்கோங்க. நாளைக்கு, வையாபுரி வாயால ஒரு சம்பந்தம் கெட்டுப்போச்சுன்னு ஒரு சொல்லு எனக்கு வரக்கூடாது பாருங்க. அந்தப் பாவம் நமக்கு எதுக்குங்க?

இதைக் கையில வாங்கிப் பாருங்க. சும்மா வாங்குங்க. இது ஐலெட்டு. ஒத்தை. தொப்பியாட்ட ஒரு வளையம், கீழ ஒரு கழுத்து. துணியில ஓட்டை போட்டு, கழுத்தை உள்ள உட்டு, பின்பக்கம் ஒரு அடி அடிச்சா கழுத்து விரிஞ்சு துணியப் புடிச்சுக்கும். முடிஞ்சுது. இந்தாங்க, இது குரோமெட்டு. ஜோடி. மேல வளையம், அடியில வாஷரு. வாஷருக்குப் பல்லு இருக்குது, தடவிப் பாருங்க. குத்துதுங்களா? அந்தப் பல்லு துணியக் கடிச்சுப் புடிச்சுக்கும், லேசுல உடாது. ஆனா இதுக்கு ஓரத்தை ரெண்டா மடிச்சு உள்ள பட்டை வெச்சுத் தைக்கோணும், ஓட்டைய அளவாப் போடோணும், வாஷரு நகராமப் புடிச்சுக்கிட்டு அடிக்கோணும். இதுல ஒண்ணு அடிக்கற நேரத்துல ஒத்தையில நாலு அடிச்சுரலாம். மேல இருந்து பாத்தீங்கன்னா ரெண்டும் ஒரே வளையந்தான், வித்தியாசமே தெரியாது. திருப்பிப் பாத்தாத்தான் தெரியும். லாரிக்காரன் எவனுங்க தார்ப்பாயத் திருப்பிப் பாத்து வாங்கறான்? அதாவது, அப்பெல்லாம்.

பொண்ணைப் பத்திக் கேட்டா இவன் வளையத்தைப் பத்திப் பேசறானேன்னு பாக்கறீங்க. இருங்க. அங்கதான் வர்றேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி ருக்குமணி, அதான் பொண்ணோட அம்மா, தறிப்பட்டறையில வேலை செய்யற பொம்பளை, இந்தப் புள்ளையக் கூட்டியாந்து இந்த வாசல்ல நிறுத்துனா. அப்பன் இல்லாத புள்ள. பன்னெண்டாவது முடிச்சு ரெண்டு மூணு வருஷம் வீட்டுல இருந்துது. "அண்ணா, இங்க ஏதாச்சும் ஒரு வேலை போட்டுக் குடுங்க"ன்னா. எனக்கு எளகின மனசுங்க, அதான் என்ற கொறையே. வரச் சொல்லிட்டேன்.

கை நெம்பச் சுத்தமுங்க. அதுல ஒண்ணும் சொல்லக் கூடாது. இன்னைக்கும் சொல்றேன், இந்தப் பைபாஸ்ல இத்தனை தார்ப்பாய்க் கடை இருக்குது, அவளாட்ட வளையம் அடிக்க ஒரு ஆம்பளை கெடையாது. ஒரே மாசத்துல கத்துக்கிட்டா. அவ அடிச்சது ஒண்ணு ஆடாது. சுத்தியல் சத்தத்த வெச்சே கண்டுபுடிச்சுருவா. முதுகக் காட்டிக்கிட்டுத் துணி மடிச்சிட்டிருப்பா, நான் இங்க அடிச்சிட்டிருப்பேன், திரும்பாமயே, "மொதலாளி, அது உக்காரலீங்க"ம்பா. என்னையச் சொல்லுவா! முப்பது வருஷமா அடிக்கறவன் நான். கடைக்கு ஆளுக வந்திருக்கறப்பவே சொல்லுவா. நான் சிரிச்சுக்குவேன். வேற என்ன பண்றதுங்க.

அது ஒண்ணுதான் அவகிட்டக் கொறை. வாயாடின்னு சொல்ல மாட்டேன், மெதுவாத்தான் பேசுவா. ஆனா சொன்னதையே சொல்லுவா. "இந்தத் துணிக்கு ஜோடி போடோணுமுங்க." சரி அம்மிணி, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு வெளிய போய்ட்டு வருவேன். "இல்லீங்க மொதலாளி, இதுக்கு ஜோடி போடோணுமுங்க." டீ குடிப்பா, கிளாஸ வெச்சுட்டு வந்து, "ஒத்தை தாங்காதுங்க." எத்தனை நாளைக்குக் கேக்கறது? புருஷன் வீட்டுல போய் இப்பிடி நின்னா எவன் பொறுத்துக்குவான்னு எங்கூட்டுல கூடச் சொல்லியிருக்கேன். அப்பவே அந்தப் புள்ளையோட எதிர்காலத்தைப் பத்திக் கவலைப்பட்டவன் நானு.

இந்தாங்க, டீ வந்துருச்சு. குடிங்க.

அந்த வருஷம் ஈரோட்டுல ஒருத்தன் கடைய மூடறான்னு சொல்லி மூணு பெட்டி ஐலெட்டு வாங்கிப் போட்டிருந்தேன். வாசல் ஸ்க்ரீன், பை, அந்த மாதிரி சாமானுக்கு அடிக்கறது. தகடு கொஞ்சம் மெல்லிசு. தார்ப்பாய்க்கு ஆகாதுன்னு இல்லீங்க, ஆகும். பெரிய காத்து மழை இல்லைன்னா ஆகும். வாங்குன சரக்குத் தீரோணுமில்லீங்களா? வியாபாரம் பண்றவங்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். மூணு பெட்டியும் அதோ, அந்த மூலையிலதான் கெடந்துது. காலைல கடையத் தொறந்தா மொதல்ல கண்ணுல படறது அதுதான். வயிறு எரியும்.

ஆடி பொறந்து நாலு நாள் இருக்கும். சுப்பராயன்னு ஒரு டிரைவரு வந்தான். சொந்த வண்டி, ஒத்தை வண்டி, அவனே ஓனரு அவனே டிரைவரு. மஞ்சள் லோடு ஏத்திக்கிட்டுக் கொச்சிக்குப் போறான், புதுத் தார்ப்பாய் வேணும், ரெண்டு நாள்ல வேணும்னான். சரின்னேன். அவன் அந்தப்பக்கம் போனதும் இவ வந்துட்டா. "மொதலாளி, பாலக்காட்டுக் கணவாய்ல காத்து அடிக்குமுங்க. அங்க மழையுமுங்க. துணி வேற லேசு. சுத்தியும் ஜோடி போட்டுரலாமுங்க"ன்னா. நான் அந்த மூணு பெட்டியக் காட்டுனேன். "இதுல எடுத்து அடி"ன்னேன். "தாங்காதுங்க"ன்னா. "நீ மொதலாளியா நான் மொதலாளியா?"ன்னு கேட்டேன். கோவமாக் கேக்கலீங்க, சும்மா கேட்டேன். சத்தம் எதிர்க்கடை வரைக்கும் கேட்டுதுன்னு ராசம்மா சொன்னா, அவளுக்கு எல்லாமே பெருசாக் கேக்கும்.

அடிச்சா. சொன்னபடி ஒத்தையா அடிச்சா. ஆனா பாருங்க, அந்தப் புள்ளையோட அழுத்தத்தை. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நாலு மூலைக்கு மட்டும் ஜோடி போட்டுட்டா. பட்டை வெச்சு மடிச்சு, வாஷரு வெச்சு, மூலைக்கு மூணு மூணா. அவ மதிய சாப்பாட்டு நேரத்துல உக்காந்து அடிச்சிருக்கா, எனக்குத் தெரியாது. கடைக்கு நான் மொதலாளி, என்ற சரக்க எடுத்து எனக்குத் தெரியாம அடிக்கறதுன்னா அதுக்கு என்னங்க பேரு? திருட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க என்ன வேணா சொல்லிக்கோங்க.

சுப்பராயன் எடுத்துட்டுப் போக வந்தான். அவன் கொஞ்சம் வெவரம். கையில எடுத்ததும் ஒரு மூலையத் திருப்பிப் பாத்தான். எனக்குத் தடுக்கறதுக்கு நேரமில்லை. பாத்தா அங்க ஜோடி! பல்லு வாஷரு பளபளன்னு உக்காந்திருக்குது. அவன் மொகம் மலர்ந்துபோச்சு. "சுத்தியும் இதேதானுங்களே?"ன்னான். நான் பொய் சொல்லலீங்க. அன்னைக்கும் சொல்லல, இன்னைக்கும் சொல்லல. "சுத்தப் பித்தளை சுப்பு, கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போ"ன்னேன். பித்தளைதானுங்களே அது? இவ அங்க நின்னுட்டிருந்தா. வாயத் தொறக்கறாப்புல இருந்துது. நான் மூணு பெட்டிச் சரக்கப் பாத்தேன், இவ மூஞ்சியப் பாத்தேன். "அம்மிணி, போய் அண்ணனுக்கு ஒரு டீ சொல்லிட்டு வா"ன்னேன். அவ டீயோட வர்றதுக்குள்ள அவன் மடிச்சு எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டான். டீயக் கையில வெச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துட்டு நின்னா. அந்த டீய நான்தான் குடிச்சேன், வீணாக்கக் கூடாதில்லீங்களா.

பொறவு நடந்தது பெரிய கதை இல்லீங்க. பாலக்காடு தாண்டி நல்ல மழை, நல்ல காத்து. பக்கவாட்டுல ஒரு வளையம் பிஞ்சிருக்குது. அது பிஞ்சா பக்கத்துல இருக்கறதுக்கு இழுவை ஜாஸ்தி, அதும் பிஞ்சிருக்குது. அப்பிடியே வரிசையாப் போயிருக்குது, தையல் பிரியற மாதிரி. மஞ்சள் நனையுதேன்னு இந்த சுப்பராயன் வண்டிய ஓரங்கட்டிட்டு லோடு மேல ஏறிட்டான். மழைல ஏறலாமுங்களா? சொல்லுங்க. அறிவு இருக்கறவன் ஏறுவானா? தார்ப்பாய இழுத்துக் கட்டப் பாத்திருக்கான், காத்து ஒரு தூக்குத் தூக்கிக் கீழ போட்டுருச்சு. முதுகெலும்புல அடி. உசுரு பொழைச்சுது. இடுப்புக்குக் கீழ வேலை செய்யாது. வண்டி வித்தாச்சு. கட்டில்லதான் எல்லாம், பொண்டாட்டிதான் பாத்துக்கறா. ரெண்டு மாசம் எனக்குச் சோறு எறங்கலீங்க. டாக்டர் வாயுக் கோளாறுன்னு மாத்திரை குடுத்தாரு.

லாரிக்காரங்க சங்கத்துல கூப்புட்டாங்க. அவனோட தார்ப்பாயக் கொண்டாந்து சங்கத்து வாசல்ல விரிச்சுப் போட்டிருந்தாங்க. முப்பது நாப்பது பேரு நிக்கறாங்க சுத்தி. பக்கமெல்லாம் கிழிஞ்சு நாரு நாராத் தொங்குது. நாலு மூலை மட்டும் அப்பிடியே இருக்குது, ஒரு நூல் பிரியல. எல்லாரும் அதைத்தான் பாத்தாங்க.

நான் ஒண்ணுமே பேசலீங்க. அதுக்குச் சாட்சி இருக்குது. சங்கத் தலைவரு அவளைத்தான் கேட்டாரு. "இதுல வளையம் அடிச்சது ஆரு?" "நானுங்க." "பக்கத்துக்கெல்லாம் ஒத்தை அடிச்சது?" "நானுங்க." "மூலைக்கு மட்டும் ஜோடி போட்டது?" "நானுங்க." "மூலைக்கு ஜோடி போடச் சொல்லி மொதலாளி சொன்னாரா?" அதுக்கு அவ என்ன சொல்லோணும்? உள்ளதச் சொன்னா. "இல்லீங்க. நானாத்தான் போட்டேன்." அவ்வளவுதான், கூட்டத்துல ஒருத்தன் கத்தறான், "வாங்கறவன் திருப்பிப் பாக்கற எடத்துல நல்லது, பாக்காத எடத்துல சொத்தை! நோகாம வேலைய முடிக்கறதுக்கு ஏமாத்தியிருக்கா"ன்னு. நான் சொல்லலீங்க. அவன் சொன்னான். அவ என்னையத் திரும்பிப் பாத்தா. ஒரே பார்வை. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். வருத்தமுங்க. நம்ம கடைல வேலை செஞ்ச புள்ளைக்கு இப்பிடி ஒரு நெலமையான்னு வருத்தம்.

நீங்க கேக்கலாம், மொதலாளிதான் ஒத்தை அடிக்கச் சொன்னாருன்னு அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு. கேளுங்க, தப்பில்லை. முந்தின நாளே நான் ருக்குமணிய வரச் சொல்லிப் பேசியிருந்தேன். "இதோ பாரு, போலீசு கேசுன்னு போனா உன்ற மக பேரு ஸ்டேஷன்ல ஏறும். கல்யாணம் ஆகாத புள்ள. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லு, ஜாஸ்தியா ஒரு வார்த்தை பேச வேண்டாம், மீதிய நான் பாத்துக்கறேன்"னு. ருக்குமணி என்ற காலத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போனா. அந்தக் குடும்பத்துக்கு நான் செஞ்சதெல்லாம் சொல்லி மாளாதுங்க.

அன்னைக்கு ஒண்ணு நடந்துது. அதைச் சொல்லோணுமா வேண்டாமான்னு யோசிக்கறேன். சரி, நீங்க தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, மறைக்கறது தப்பு. சுப்பராயன் பொண்டாட்டி வந்திருந்தா. கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு நேரா இவகிட்ட வந்தா. அடிக்கப் போறான்னு எல்லாரும் நெனைச்சோம். அடிக்கல. இவ வலது கையப் புடிச்சா. புடிச்சு, உள்ளங்கையத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "இந்தக் கைதானாடி"ன்னா. அவ்வளவுதான். கைய உட்டுட்டுப் போய்ட்டா. இந்தப் புள்ள அந்தக் கையப் புடவை முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டா. பொறவு நான் பாத்த வரைக்கும் வெளிய வரும்போதெல்லாம் அப்பிடித்தான், கைய மூடிக்கிட்டுத்தான் வரும். பாக்கவே பாவமா இருக்கும்.

வேலைய உட்டு நிறுத்திட்டேன். வேற என்ன பண்ண முடியும்? கடைப் பேரு இருக்குதில்லீங்களா.

கைராசி இல்லாத புள்ளைன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்குது. உங்க காதுக்கு வந்துதுங்களா? வரலைங்களா? அப்ப நானாச் சொன்ன மாதிரி ஆயிருச்சு பாருங்க. மன்னிச்சுக்கோங்க. அந்தப் பேச்சை நான் கெளப்பலீங்க. டீக்கடைல ஒருக்கா, ஒரே ஒருக்கா, நாலு பேரு இருக்கறப்ப வாய் தவறி வந்துருச்சு. "கை சுத்தந்தான், ராசிதான் இல்லை"ன்னேன். எம்மனசுல பட்டது. அதுக்குப் பொறவு டிரைவருக எல்லாம் அந்த சந்துப்பக்கம் வண்டி எடுக்கறப்ப அவ எதுக்கால வந்தா நிறுத்திட்டுப் போறாங்களாம். மூடநம்பிக்கைங்க. நான் நம்பறதில்லை.

ஆமாங்க, உங்களுக்கு முன்னாடியும் வந்தாங்க. மூணு எடம். மொதல்ல குமாரபாளையம். பொறவு எடப்பாடி. மூணாவது திருச்செங்கோடு, அது நல்ல எடமுங்க, பூ வெக்கறதுக்கு நாள் கூடக் குறிச்சாச்சு, அந்த அம்மா சும்மா ஒரு வார்த்தைன்னு இங்க வந்து உக்காந்துது. எல்லாருகிட்டயும் உங்ககிட்டச் சொன்ன மாதிரியேதான் சொன்னேன், ஒரு சொல்லு கூட்டல கொறைக்கல. "தங்கமான புள்ள, தைரியமாக் கட்டுங்க"ன்னுதான் முடிச்சேன். என்னமோ, அவங்களுக்குத் தோதுப்படல போல. அந்தப் புள்ளைக்கு இந்தப் புரட்டாசி வந்தா இருபத்தேழு. பொறந்த நேரம் சரியில்லீங்க.

என்னங்க? சுப்பராயனையா? எதுக்குங்க அவனைப் போய்ப் பாத்துட்டு?

இல்ல, தாராளமாப் பாக்கலாம், நான் வேண்டாங்கல. பின்னாடி தெருதான். ஆனா அவன் இப்பத் தூங்குவான். மத்தியானத்துல மாத்திரை போட்டுட்டுத் தூங்குவான். எழுப்புனாலும் பேச்சு ஒரு கோர்வையா இருக்காதுங்க. கட்டில்லயே கெடந்து கெடந்து அவனுக்கு எல்லார் மேலயும் கோவம். "அந்தப் புள்ள மூலைக்குப் போட்டதுனாலதான் பாதி மஞ்சளாவது மிஞ்சுச்சு, அதைக் குத்தம் சொல்லாதீங்கடா"ன்னு வர்றவன் போறவன்கிட்டெல்லாம் சொல்லிட்டிருக்கான். பொண்டாட்டிகிட்டயும் சொல்றானாம். இடுப்பு ஒடிஞ்சவன் பேச்சை ஆருங்க கணக்குல எடுக்கறது? என்னையப் பத்திக்கூட என்னென்னமோ சொல்றான். நான் காதுல போட்டுக்கறதில்லை. போன தீவாளிக்கு அவனுக்கு ஒரு போர்வை வாங்கிக் குடுத்து உட்டேன், திருப்பி அனுப்பிட்டான். அவ்வளவு திமிரு.

போறதுன்னா போங்க. நான் சும்மா ஒண்ணு கேக்கறேன். மாப்பிள்ளை என்ன வேலைன்னு சொன்னீங்க? சொல்லலியோ?

டிரைவருங்களா.

ஓ. மில்லு வண்டி ஓட்டறாருங்களா. தை பொறந்து சொந்தமா ஒரு வண்டி எடுக்கலாம்னு இருக்கறாருங்களா. அப்பிடீங்களா. நல்லதுங்க. நெம்ப நல்லது.

இல்லீங்க, ஒண்ணுமில்லை. சும்மாதான். நான்தான் சொன்னனே, இதெல்லாம் நம்பக் கூடாதுங்க. ராசியாவது ஒண்ணாவது. இந்தக் காலத்துல போய். தெனமும் அந்தக் கையாலதான் சோறு போட்டு, அந்தக் கையாலதான் விபூதி வெச்சு வண்டிக்கு அனுப்பப் போறா, அதனால என்ன ஆயிரப் போகுது? உங்க அக்கா மகன் நல்லா இருப்பாருங்க. ஒத்தைக்கு ஒரு பையனுங்களா? அப்பிடீங்களா. நல்லா இருப்பாருங்க, பயப்படாதீங்க.

டீ ஆறிப்போச்சு பாருங்க, நீங்க குடிக்கவே இல்லை.

என்ற கஷ்டத்தை நான் ஆருகிட்டச் சொல்றதுங்க? அந்த ஆடிக்குப் பொறவு லாரிக்காரனுக எல்லாம் தார்ப்பாயத் திருப்பிப் போட்டு ஒவ்வொரு வளையமா எண்ணிப் பாத்து வாங்கறானுக. சுத்தியும் ஜோடிதான் வேணுமாம். ராசம்மாவுக்கு வாஷரு உக்காரவே மாட்டேங்குது, நாலுக்கு ஒண்ணு கோணலாப் போகுது. எனக்குக் கண்ணுல தூரம் பக்கம் தெரியலீங்க. பாருங்க, இவ்வளவும் ஆர்டரு, வளையம் அடிக்க ஆளில்லாமக் கெடக்குது. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதும் அப்பிடித்தான், ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. எத்தனை பேரைப் போட்டுப் பாத்துட்டேன். அவளாட்ட ஒருத்தி அமைய மாட்டேங்கறா.

போன வாரம் ருக்குமணி வந்துது. தறியில நிக்க முடியலையாம், காலு வீங்கிக் கெடக்குது. அழுதுது. "அண்ணா, பவானியில இருந்து ஒரு எடம் கேட்டு வர்றாங்க. இது அமைஞ்சா தையில முடிச்சுருவேன். இதும் தட்டிப்போச்சுன்னா நான் ஆசைய உட்டர்றேன், புள்ளைய உங்க கடைக்கே அனுப்பிடறேன், நீங்களே பாத்துக்குங்க"ன்னுது. நான் என்ன சொன்னேங்கறீங்க? "மொதல்ல கல்யாணத்தைப் பாரு ருக்குமணி, வேலை எங்க ஓடிப் போகுது"ன்னேன். அதுதான் நானு. எனக்குன்னு நெனைச்சிருந்தா அன்னைக்கே கூட்டிட்டு வந்திருப்பேன்.

வந்தாலும் முன்னாடி உக்கார வெக்க முடியாதுங்க. அவ கைன்னு தெரிஞ்சா எந்த டிரைவரு வாங்குவான்? பின்னாடி ரூம்ல உக்காந்து அடிச்சுட்டுப் போனா ஆருக்குத் தெரியப் போகுது. சன்னல் இல்லாத ரூம்தான், ஒரு பேன் போட்டுக் குடுத்துரலாம். முன்ன மாதிரி அதுக்கு இது போடோணும், இதுக்கு அது போடோணும்னு எதுத்துப் பேச மாட்டா இனி. அடங்கிப்போச்சு அந்தப் புள்ள. நல்லாவே அடங்கிப்போச்சு. உங்களுக்கும் அந்தக் கவலை வேண்டாமுங்க, வீட்டுல வாயே தொறக்காது.

எந்திரிச்சிட்டீங்களா? இருங்க, பொழுது இருக்குதே. சரி, சரி. பொண்ணு வீடு இந்த சந்துல நேராப் போயி மூணாவது வீடு, நீலக் கதவு. அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. காலைலயே வாசல் தெளிச்சுக் கோலம் போட்டிருந்துது, வர்றப்பப் பாத்தேன்.

இல்லீங்களா? பஸ்ஸுக்குங்களா.

ஊர்ல போயி அக்காகிட்டக் கலந்து பேசிட்டுச் சொல்றீங்களா. அதும் சரிதான். பெரிய காரியம், அவசரப்படக் கூடாது. ஆனா நான் ஏதோ சொல்லிட்டேன்னு வெச்சுக்காதீங்க. கடைசியா ஒருக்காக் கேட்டுட்டுப் போங்க, நல்ல புள்ளையான்னா நல்ல புள்ளதான். தங்கமான புள்ள. தைரியமாக் கட்டுங்க. எதுத்தாப்புல வேப்பமரத்துக்கிட்ட நில்லுங்க, பவானி வண்டி கை காட்டுனா நிக்கும். பாத்துக் கிராஸ் பண்ணுங்க, லாரிக வெசையா வரும். நல்லதுங்க. போய்ட்டு வாங்க.

ராசம்மா. ஏ ராசம்மா, அந்த ஆளு பஸ் ஏறிட்டாரான்னு எட்டிப் பாரு. ஏறிட்டாரா? சரி. நீ வீட்டுக்குப் போறப்ப ருக்குமணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. பவானிக்காரங்க அப்பிடியே திரும்பிட்டாங்கன்னு சொல்லு. திங்கக்கிழமைல இருந்து புள்ளைய வரச் சொல்லிரு. பின்வாசல் வழியா வரச் சொல்லு.